நின்ற இடத்தில் நின்று கத்து

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் தலையில்லாமல் நிற்கும் அந்த விளையாட்டு டாங்கியை விற்றுவிட்டால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். கேட்டது யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அவர் இப்போது மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருக்க மாட்டார், முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார். தெரியாமல் கேட்டது தவறில்லை. தெரிந்த பிறகும் கேட்டால் பார்த்துக்கொள்வோம்.

நான் இந்த வேலையை விட்டது கண்ணால்தான். பச்சை வயரும் நீல வயரும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிய அன்றைக்கே சோல்டரிங் அயனைக் கீழே வைத்துவிட்டேன். மற்றபடி கையும் வாயும் நன்றாகத்தான் இருக்கின்றன. கிளிநொச்சியில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, மின்சார வேலை பார்க்கும் கறண்டக்கா என்றால் பளையிலிருந்தும் ஆள் வரும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம், அதை ஏன் மறைப்பான்?

அந்த டாங்கி தேவராசா அண்ணையுடையது. நாட்டில் சண்டை பெரிதாகும் முன்னமே கனடாவுக்குப் போய், ஓய்வு பெற்றதும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். தண்ணி, சிகரட் ஒன்றும் இல்லாத மனிதர். றிமோட்டில் ஓடும் விளையாட்டு வாகனங்கள் மட்டும்தான் ஆசை. ஒரு நாள் குழந்தையைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒரு முழ நீளம். இரும்புச் சங்கிலிப் பட்டி, சுழலும் தலை, நீட்டிய குழல், எல்லாம் உண்மை டாங்கியைப்போல அச்சொட்டாக இருந்தன.

"பிள்ளை, இது ஓடினா ஒரேயடியாப் பாயுது, இல்லாட்டி நிக்குது. மெல்லமா ஊரப் பண்ணவேணும். உள்ளுக்கு இருக்கிற வயர், போட் எல்லாம் மாத்தித் தாரும்" என்றார்.

எனக்கும் கை அரித்தது. தண்ணீர்ப் பம்பும் மின்விசிறியும் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த காலம். கழற்றிப் பார்த்தால் முடிமயிர் அளவு வயர்களும், எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்ட அவர் போட் என்று சொன்ன ஒரே ஒரு சுற்றுப்பலகையும் இருந்தன. இரண்டு பக்க மோட்டாருக்கும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் தனிப் பலகைகள், புதிய றிமோட், அதன் சொல்லைக் கேட்கும் றிசீவர், பெரிய பற்றரி எல்லாம் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பழைய பலகை எஞ்சின் சத்தம் போடுவதற்கு மட்டும் என்று உள்ளேயே இருந்தது.

இங்கே ஒரு பிழை விட்டேன். வன்னியில் என் வயதுக்காரர் எல்லோரும் விடக்கூடிய பிழைதான். சண்டையில் மின்சாரமும் இல்லாத பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். விரல் நீள வயரைக்கூட எறிய எங்களுக்கு மனம் வராது. ஈயம் கிடைக்காத காலத்தில் இரண்டு நுனியையும் முறுக்கி, சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிவிடுவோம். அதே கை, அதே பழக்கம். புதிய பற்றரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், நான் தகரப்பேணியில் சேர்த்து வைத்திருந்த பழைய வயரையே முறுக்கிப் போட்டேன். மேசையில் நன்றாக ஓடியது. முற்றத்து மண்ணில் ஏறியதும் மோட்டார் மூச்சு வாங்க, வயர் சூடாகி மேலுறை உருகிப் புகை வந்தது. றிசீவருக்குப் போன இணைப்பும் குலுங்கிக் கழன்றது. சொல் கேட்கும் பெட்டி செத்துவிட, கடைசியாகக் கேட்ட "போ" என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு டாங்கி பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் புகுந்தது. கோழிகள் பறந்த பறப்பும் அந்த வீட்டுக்காரி பேசிய பேச்சும் இன்றைக்கும் காதில் நிற்கின்றன.

அன்றைக்கு எனக்கு இரண்டு விசயம் விளங்கியது. ஓடுகிற சாமானில் முறுக்கு இணைப்பு வைக்கக்கூடாது, எல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைக்கவேண்டும். இது சின்ன விசயம். பெரியது மற்றது. ஒரு இயந்திரத்துக்கு நாம் சொல்வது கேட்கும்போது அது என்ன செய்யும் என்று எல்லோரும் பார்ப்பார்கள். கேட்காமல் போனால் என்ன செய்யும் என்று பார்க்கிறவர்தான் வேலை தெரிந்தவர். எல்லாவற்றையும் பிரித்து, தடித்த வயரில் புதிதாகக் கட்டினேன். றிசீவரில் ஒரு ஏற்பாடு உண்டு. றிமோட்டின் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்கலாம். "தொடர்பு அறுந்தால் நில்" என்று சொல்லி வைத்தேன்.

தேவராசா அண்ணை வந்து பார்த்தார். டாங்கி எறும்புபோல ஊர்ந்தது. மனிதருக்கு வாயெல்லாம் பல். "சத்தத்தையும் ஒருக்கால் போடும் பிள்ளை" என்றார். போட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பியது. பட்டி உருளும் இரைச்சல் பட்டறை முழுக்க அதிர்ந்தது. சின்னச் சாமானுக்குள் அவ்வளவு சத்தத்தை எப்படித்தான் அடைத்து வைத்தார்களோ!

அந்த நேரம் பட்டறையில் தவமணி நின்றாள். இரணைமடு வாய்க்காலின் கடைசிப் பகுதியில் வயல் செய்கிறவள், புருசன் இல்லை, திருத்தக் கொடுத்த பம்பை எடுக்க வந்திருந்தாள். சத்தம் நின்று நான் திரும்பினால் ஆளைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, சுவரோடு சுவராக, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். நான் குனிந்து கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழும்பி, சேலையைத் தட்டிவிட்டாள்.

"பம்பைத் தாங்கோ அக்கா, நேரம் போகுது" என்றாள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவள் போன கையோடு குறடை எடுத்து ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை வெட்டினேன். தேவராசா அண்ணை பதறிப்போனார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? சத்தம் இல்லாட்டி அது வெறும் பெட்டி!"

"அண்ணை, சண்டைக் காலத்திலை நீங்கள் கனடாவிலை இருந்தனீங்கள். உங்களுக்கு இது விளையாட்டு. இஞ்சை இது சத்தம் போட ஏலாது" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு, டாங்கியைத் தூக்கிக்கொண்டு போனார். வெட்டிய வயர் நுனிகளை மட்டும் நான் மடித்து உள்ளேயே வைத்திருந்தேன். எதையும் எறிய மனம் வராது என்று சொன்னேனே.

பிறகு வாய்க்கால் தண்ணீரை நம்பி விதைக்கும் சிறுபோகம் வந்தது. நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, பாதிப்பேர் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். அந்த நேரம் பார்த்து வாய்க்காலின் கடைசிப் பகுதிக்குத் தண்ணீர் போகவில்லை. பெரிய தெருவைக் கடக்க நிலத்துக்குக் கீழே ஒரு குழாய் போகிறது. இந்தப் பக்கம் தண்ணீர் ததும்பி நின்றது, அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உள்ளே எங்கோ அடைப்பு. தவமணியின் வயலும் அவளைப்போல இன்னும் பல வீட்டு வயல்களும் அந்தப் பக்கத்தில்தான்.

நீர்ப்பாசனப் பொறியியலாளராக வந்திருந்தவர் ஒரு இளம் பெண். கண்டிப் பக்கம் படித்து வளர்ந்தவர், கெட்டிக்காரி. பழைய வரைபடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால், குழாயின் இரண்டு வாயையும் பார்த்து, நடுவே நேர்கோடு போட்டுத் தோண்டுவித்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். தோண்டிய கிடங்கில் குழாயே இல்லை! யாரோ எப்போதோ எதையோ சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். தெருவை முழுக்கக் கிளற முடியாது. தவமணியின் தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போக ஆயத்தமாக நின்றான். பொறியியலாளர் குழாயின் வாயை மறித்துக்கொண்டு நின்றார்.

"உள்ளே காற்று இருக்குதோ, குழாய் இடிந்து கிடக்குதோ, ஒன்றும் தெரியாது. நான் விடமாட்டேன்" என்றார்.

"அப்ப எங்கடை நெல்லு?" என்று தவமணி கேட்டாள். பொறியியலாளப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே தண்ணீர் இறைக்கும் பம்புக்குக் கறண்ட் எடுத்துக் கொடுக்கப் போயிருந்த எனக்கு அப்போதுதான் டாங்கி நினைவுக்கு வந்தது. முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்துத் தேவராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். கோபத்தில் இருக்கிற மனிதர், தருவாரோ மாட்டாரோ தெரியாது. விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் டாங்கியை எடுத்து வந்தார். நான் வாய் திறக்கும் முன்னமே திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, தலையையும் குழலையும் தூக்கிக் கதிரையில் வைத்தார்.

"குழாய்க்குள்ளை தலை இடிக்கும்" என்றார். "நானும் வாறன்."

மடையை மூடி, குழாயில் தண்ணீரை இறைத்து முடித்ததும், டாங்கியின் வாலில் நைலோன் கயிற்றைக் கட்டி உள்ளே விட்டோம். முன்னுக்கு ஒரு சின்ன லைற். கொஞ்சத் தூரம் வெளிச்சம் தெரிந்தது, பிறகு ஒரு வளைவில் மறைந்தது. கயிறு மெல்ல மெல்ல உள்ளே போய், ஓரிடத்தில் நின்றது. நான் றிமோட்டை அழுத்தினேன், அசைவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது, நான் சொல்லி வைத்தபடி டாங்கி நின்றுவிட்டது. கயிற்றால் இழுத்து எடுத்தால், பட்டியெல்லாம் வேர்.

அடைப்பு வரைக்கும் போயிருக்கிறது! எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பொறியியலாளர் கயிற்றை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கயிறு எவ்வளவு தூரம் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. வளைவுக்கு அப்பால் குழாய் இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா, அதற்குள் இன்னொரு வளைவு இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? தெருவின் எந்த மூலையில் தோண்டுவது?

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிச் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் தவமணி என் அருகே வந்தாள்.

"அக்கா, அந்தச் சத்தத்தைப் போடுங்கோ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தச் சத்தம்?"

"அண்டைக்குப் போட்டியளே, அது. உள்ளுக்கை விட்டுட்டுப் போடுங்கோ. நிலத்துக்கு மேலை எனக்குக் கேக்கும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளிறியிருந்தது. "உனக்கு ஏலுமோ?" என்று கேட்டேன்.

"வயல் காயுதக்கா" என்றாள்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். சத்தத்தைப் போடச் சொல்வது றிமோட். டாங்கி நிற்கப்போகும் இடத்திலோ றிமோட்டின் சொல் கேட்காது. வெட்டிய வயரை ஒட்டி, வெளியிலேயே சத்தத்தைப் போட்டு அனுப்பினால் தொடக்கம் முதல் கத்திக்கொண்டே போகும். குழாய் முழுக்க இரைச்சல் ஓடினால் அது எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோதுதான், நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. சனத்துக்குள் எங்கள் கை விடுபட்டுப் போனால் ஓடித் தேடாதே, நின்ற இடத்தில் நின்று கத்து, நாங்கள் வந்து எடுப்போம். அதையேதான் டாங்கிக்கும் சொல்லவேண்டும். தொடர்பு அறுந்தால் நில் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கத்து என்று சொல்லவில்லை.

றிசீவரில் இன்னும் வயர் கொளுவாத ஒரு வழி, சானல் என்பது, மிச்சம் இருந்தது. அதைப் பழைய பலகைக்கு இணைத்து, தொடர்பு அறுந்தால் மட்டும் சத்தம் பிறக்கிற மாதிரி செய்யவேண்டும். முச்சக்கர வண்டியின் பற்றரியில் சோல்டரிங் அயனைக் கொளுவிக்கொண்டு, தெருவோர மண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். சுற்றிவர ஊரே நின்றது. "அக்கா கெதியாச் செய்யுங்கோ, முறுக்கிப்போட்டு மேலை ஒட்டு ரேப்பைச் சுத்துங்கோ, போதும்தானே!" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். என் விரலும் அதற்குத்தான் துடித்தது. முறுக்குவது என் கையில் ஊறிய வேலை, கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். ஆனால் குழாய்க்குள் இணைப்புக் கழன்றால் கோழிக்கூட்டுக் கதைதான், இந்தமுறை திருப்பிக்கட்ட நேரமும் இல்லை. "எல்லாரும் அங்காலை போங்கோ, என்ரை வெளிச்சத்தை மறைக்காதேங்கோ!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். ஒவ்வொரு நுனியையும் சுரண்டித் துப்புரவாக்கி, ஈயம் வைத்து, ஆறவிட்டு, இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொட்டேன். தேவராசா அண்ணை வயரைப் பிடித்துத் தந்துகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவசரத்துக்குக் கீழ்ப்படியாமல் செய்த வேலை அது. அதனாலேயே சொல்கிறேன், அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

மூடும் முன் றிமோட்டை நிறுத்திப் பார்த்தேன். டாங்கி நின்று உறுமியது. கூட்டத்தில் பலருக்கு முகம் மாறியது. தவமணி அசையவில்லை.

இரண்டாம்முறை உள்ளே விட்டோம். கயிறு முன்னர் நின்ற அதே இடத்தில் நின்றது. தெருவில் வாகனங்களை மறித்தார்கள். பொறியியலாளர் நீண்ட இரும்பு அலவாங்கை மண்ணில் குத்தி அதன் மறுநுனியில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. வேறு இடத்தில் குத்தினார், கேட்கிறதுபோல இருக்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றார். தவமணி செருப்பைக் கழற்றினாள். தெருவோரப் புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, கண்ணை மூடினாள். குண்டுக்குப் பயந்து வெட்டிய பங்கருக்குள் நாங்கள் எல்லோரும் அப்படிப் படுத்தவர்கள்தான். மண்சுவரில் காதை வைத்தால் எந்தத் திசை, கிட்டவா எட்டவா, வருகிறதா போகிறதா என்று சொல்லுவோம். அந்தப் படிப்பை எங்களுக்கு யாரும் விரும்பித் தரவில்லை.

எழும்பி, இடப்பக்கமாகக் கொஞ்சம் நடந்து, திரும்பவும் படுத்தாள். அவளைப் பார்த்து என் வயதொத்த இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு படுத்தார்கள். நானும் படுத்தேன். மண்ணுக்கு அடியில், வெகு மெல்லிதாக, அது உறுமிக்கொண்டிருந்தது. தவமணி நடந்து நடந்து, நேர்கோட்டுக்கு நன்றாக விலகி, ஒரு பூவரசுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"இதிலை தோண்டுங்கோ."

மற்றப் பெண்களும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தார்கள். பொறியியலாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார். தவமணி காதில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. மண்வெட்டிக்காரரைக் கூப்பிட்டு, "இங்கே தோண்டுங்கள், பொறுப்பு என்னுடையது" என்றார். அந்தச் சொல்லுக்காக அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

இடுப்பளவு தோண்டியதும் அலவாங்கு கொங்கிறீற்றில் தட்டியது. மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு தொட்டியின் மூடி. குழாய் அதற்குள் வந்துதான் திரும்பிப் போகிறது. நாலுபேர் சேர்ந்து மூடியை நெம்பித் தூக்கினார்கள். பூவரசின் வேர் தொட்டி முழுக்கச் சடைபோல அடைந்து கிடந்தது. அந்த வேருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு எங்கள் டாங்கி. மூடி விலகியதும் உறுமல் பெரிதாக வெளியே வந்தது. தவமணியின் தோள் ஒருமுறை நடுங்கியதைக் கண்டேன்.

தொடர்பு கிடைத்தால் அது தானாக அடங்கும், அப்படித்தான் கட்டியிருந்தேன். றிமோட் என் கையில், கிடங்குக்குத் தள்ளியே நின்றேன். கிட்டப் போனால் சரி. போகவில்லை. றிமோட்டைத் தவமணியின் கையில் கொடுத்தேன்.

"நீயே போய் நிப்பாட்டு. கிட்டக் கொண்டு போனாப் போதும்."

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடங்கின் விளிம்புக்குப் போனாள். குனிந்து நீட்டினாள். சத்தம் நின்றது.

வேரை வெட்டி எடுத்து, மடையைத் திறந்து, தண்ணீர் அந்தப் பக்கத்து வாயால் குதித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊரே வாய்க்கால் வரம்பில் ஓடியது. தேவராசா அண்ணை டாங்கியைத் தன் சால்வையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "இது உம்மடை பட்டறையிலை நிக்கட்டும் பிள்ளை. தலை வேண்டாம்" என்றார். அப்படித்தான் அது அந்த அலுமாரிக்கு வந்தது. அடிமூடியைக் கழற்றி என் பற்றவைப்புகளைப் பாருங்கள். ஒன்றாவது கழன்றிருந்தால் வந்து சொல்லுங்கள்.

தவமணி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று முகம் கழுவினாள். நான் வரம்பில் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, உந்தச் சத்தம் கேட்டா நாங்கள் எப்பவும் மற்றப் பக்கமாத்தான் ஓடினனாங்கள். இண்டைக்குத்தான் அது கேட்ட பக்கம் நடந்து போனனான்."